அறுபத்து நாலாம் நம்பர் விளக்கு

மார்ச் 4

சில்லு,

நான் நேரத்துக்கு முன்பே பொத்தானை அழுத்திவிட்டேன் என்று நீ பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டாய். அதனால் என் வேலை போனது. இதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

அந்தக் காகிதத்தை மேனேஜர் அறையில் எனக்குக் காட்டினார்கள். முதல் நாள் நாடகத்தில், முப்பத்தெட்டாவது கியூவில், அதாவது முப்பத்தெட்டாவது முறை விளக்கு மாறும் இடத்தில், வக்கீலாக நடிக்கும் பெண் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடிப்பதற்கு முன்பே லைட் ஆபரேட்டர் மேடையை இருட்டாக்கினார், அதனால்தான் அவர் விழுந்து கணுக்கால் எலும்பு உடைந்தது என்று எழுதியிருந்தது. கீழே உன் கையெழுத்து. கடைசியில் நீ போடும் அந்தச் சுழியை ஆறாம் வகுப்பிலிருந்து பார்த்து வருகிறேன்.

அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய்? பால்கனியின் கடைசி வரிசைக்குப் பின்னால், ஆளைத் தொடர்ந்து திருப்பும் பெரிய விளக்கோடு. அங்கிருந்து என் கைக்கு எழுபது அடி இருக்கும். என் விரல் எப்போது இறங்கியது என்று நீ எப்படிப் பார்த்தாய்? கழுகா நீ?

மேடை வாசல் அறிவிப்புப் பலகையில் என் பெயரைப் போட்டு, ‘கவனக்குறைவு காரணமாக நீக்கம்’ என்று ஒட்டினார்கள். அதன் நகல் மற்ற அரங்குகளுக்கும் போயிருக்கிறது. உன் அண்ணனுக்கு மாற்றல் கிடைத்து இந்த ஊருக்கு வந்த மறுநாளே இங்கே இருக்கும் அரங்கில் வேலை கேட்டுப் போனேன். பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டார். ஆறு வருஷம் விளக்குகளை இயக்கும் அந்த போர்டில் உட்கார்ந்தவளுக்கு அவ்வளவுதான் பதில்.

இப்போது என் நாற்காலியில் நீ உட்கார்ந்திருக்கிறாயாம். உன் அண்ணன்தான் சொன்னார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

போன் செய்யாதே. உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். கியூக்களை எழுதி வைத்திருக்கும் என் பச்சை நோட்டையும், கழுத்தை வளைக்கக்கூடிய சின்ன விளக்கையும் அனுப்பு. அவை அரங்கத்தின் சொத்து இல்லை.

உன் அண்ணி


மார்ச் 11

அண்ணிக்கு,

பார், கூப்பிட்டுவிட்டேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவளை, என்னைவிட நான்கு மாதம் சின்னவளை, எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்ட ஒரே காரணத்துக்காக ‘அண்ணி’ என்று கூப்பிட வேண்டும் என்று அம்மா எவ்வளவு மல்லுக்கு நின்றார். அப்போது நடக்கவில்லை. இப்போது நடந்துவிட்டது.

நீ எழுதியிருப்பதைப் படித்தால் நான்தான் உன்னைப் படியிலிருந்து தள்ளிவிட்டேன் போலிருக்கிறது. நான் பார்த்தது இருட்டு. பிறகு ஒரு சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் அலறினாள். இவ்வளவுதான் எழுதினேன். நம் மேனேஜர் சாவிக்கொத்து அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இது என்னம்மா, ஒண்ணும் சொல்லாத மாதிரி இருக்கு. இருட்டு எப்ப வந்துச்சு? அவங்க கம்பியப் பிடிக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“தெரியல சார்.”

“கீழ விழுந்தாங்கன்னா முன்னாடின்னுதான அர்த்தம். அத எழுது.”

இடுப்பில் இருபது சாவி தொங்க, அந்த ஆள் கதவை மூடிவிட்டு நிற்கிறார். நான் எழுதினேன். எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. நீயோ அந்த விசாரணையில் வாயே திறக்கவில்லை. தப்பில்லை என்றால் ஏன் பேசாமல் இருந்தாய்? அதை முதலில் சொல்.

நாற்காலியை நான் பிடுங்கவில்லை. மறுநாளும் நாடகம் இருந்தது. வக்கீல் வேஷத்துக்கு வேறொரு பெண்ணைப் போட்டு, படி இறங்குவதை எடுத்துவிட்டார்கள். ஆனால் விளக்குக்கு, போர்டைத் தொட்டுப் பார்த்த ஆள் நான் ஒருத்திதான். என்ன தெரியும் எனக்கு? நீ கழிப்பறைக்குப் போகும்போது ‘இந்தப் பெரிய பொத்தான மட்டும் அழுத்து, வேற எதிலயும் கைய வெக்காத’ என்று சொல்லிவிட்டுப் போவாயே, அவ்வளவு தெரியும்.

முதல் வாரம் எப்படிப் போனது என்று கேட்டால் நீ சந்தோஷப்படுவாய், அதனால் சொல்கிறேன். ஒரு நாள் அரை மணி நேரம் போர்டில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டைகளை ஏற்றி இறக்கினேன். திரையில் எண்கள் எல்லாம் மாறுகின்றன, மேடையில் ஒரு விளக்கும் அசையவில்லை. டைரக்டர் கீழே இருந்து கத்துகிறார்: “கரண்ட் பில் கட்டலையா?” பிறகுதான் தெரிந்தது, போர்டு ‘பிளைண்ட்’ நிலையில் இருந்திருக்கிறது. அதில் என்ன செய்தாலும் உள்ளே எழுதிக்கொள்ளுமே தவிர மேடைக்கு அனுப்பாது. இன்னொரு நாள் நடிகர்கள் கடைசியில் வணக்கம் சொல்லும்போது என் முழங்கை பட்டு மொத்த மேடையும் அணைந்துவிட்டது. ஜனங்கள் அதுதான் முடிவு என்று நினைத்துக் கூடுதலாகக் கை தட்டினார்கள். டைரக்டரை நாம் மேதை என்று சும்மாவா கூப்பிடுகிறோம், அதையே தினமும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

பச்சை நோட்டை இப்போது அனுப்ப முடியாது. அது இல்லாவிட்டால் நான் செத்தேன். விளக்கை அனுப்புகிறேன்.

சில்லு


மார்ச் 19

சில்லு,

விளக்கு வந்தது. அதன் கழுத்தை வளைத்தே உடைத்திருக்கிறாய்.

நான் இப்போது ஒரு மின்சாரச் சாமான் கடையில் நிற்கிறேன். ஒருவர் பல்பு கேட்டால் சாக்கெட்டில் போட்டு எரியவைத்துக் காட்டி, கழற்றி, அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க இதுதான். இருநூறு விளக்குகளை ஒரு விரலில் ஆட்டிவைத்தவள் ஒன்பது வாட்ஸ் பல்பை எரியவைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். முதலாளி நல்லவர். ‘ஏம்மா, இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க’ என்று கேட்டார். நாடகம் என்றேன். ‘நடிப்பீங்களா’ என்றார். இல்லை என்றேன். அதற்குமேல் அவருக்குக் கேட்கத் தெரியவில்லை.

நீ பார்த்தது இருட்டு, சரி. இருட்டு என் விரலில் இல்லை. அந்தப் பொத்தான் ‘அடுத்ததுக்குப் போ’ என்று மட்டும்தான் சொல்லும். அடுத்தது என்ன என்பதை போர்டில் முன்கூட்டி எழுதி வைத்திருக்கிறோம். வக்கீல் ‘நான் வருகிறேன்’ என்று முடிப்பாள், நான் ‘றேன்’ காதில் விழுந்த பிறகு அழுத்துவேன். அன்றும் அப்படித்தான் அழுத்தினேன். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவள் இருட்டில்தான் இறங்க வேண்டும். இருட்டில் இறங்குவதுதான் அந்த இடம். உங்கள் சாவிக்கொத்துக்கு அது கூடத் தெரியாது, நாடகத்தை ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்திருந்தால்தானே.

இருட்டில் எப்படி இறங்குவாள் என்று கேள். மூன்றாம் படியின் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு நீல விளக்கு இருக்கிறது. அறுபத்து நாலாம் நம்பர். பன்னிரண்டு சதவீதம். ஜனங்கள் கண்ணுக்குத் தெரியாது, படியில் நிற்பவளுக்குத் தெரியும். அதை வைக்க நான் மேதையோடு ஒரு வாரம் சண்டை போட்டேன். இரண்டாவது கியூவில் ஒரே ஒரு முறை ‘பன்னிரண்டு’ என்று போர்டுக்குச் சொன்னேன். பிறகு சொல்லவே இல்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்த போர்டு உங்கள் அம்மா மாதிரி. ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால், வேறு ஏதாவது சொல்கிறவரைக்கும் அதையேதான் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டாய். சொல்கிறேன். அன்று அழுத்தியதும் நான் அந்த நீலத்தைத் தேடினேன். அது எரியவில்லை. அதற்குள் அவள் விழுந்துவிட்டாள். அதற்கு முந்தைய நாள் மதியம்தான் எனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ராத்திரிவரை போர்டில் ஏதேதோ திருத்திக்கொண்டிருந்தேன். என் கையாலேயே அதை அணைத்துவிட்டேனோ என்று நினைத்தேன். அவர்கள் என்மேல் போட்ட குற்றம் பொய். ஆனால் வேறொரு குற்றம் எனக்குள் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பேச அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை.

இதை உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. உனக்கு எழுதுகிறேன், ஏனென்று தெரியவில்லை.

நோட்டை அனுப்பு.


ஏப்ரல் 2

அண்ணி,

நீ அணைக்கவில்லை. உட்கார்ந்து படி.

ஒரு கியூவில் எந்தெந்த விளக்கு மாறியது என்பதை மட்டும் வேறு நிறத்தில் காட்டும் பக்கம் ஒன்று போர்டில் இருக்கிறதே, அதைத் திறக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஒத்திகை இல்லாத நேரமாகப் பார்த்து, காலையில் சாவி வாங்கி, ஒவ்வொரு கியூவாகப் போனேன். இரண்டாவதில் அறுபத்து நாலு, பன்னிரண்டு. பிறகு முப்பதுவரை அது எந்த மாற்றமும் இல்லாமல் வருகிறது. முப்பத்தொன்றில் பூஜ்யம். அதற்குப் பிறகு கடைசிவரை பூஜ்யம். முப்பத்தெட்டிலும் பூஜ்யம். முப்பத்தொன்று ஜன்னல் காட்சி. அந்த ஒரு காட்சிக்காக யாரோ அணைத்திருக்கிறார்கள். போர்டு அதையே பிடித்துக்கொண்டு போய்விட்டது. ‘கியூ ஒன்லி’ என்று பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதையும் சேர்த்து அழுத்தியிருந்தால் மாற்றம் அந்தக் காட்சியோடு நின்றிருக்கும். யாரும் அழுத்தவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேராக மேதையிடம் போனேன். கடைசி ஒத்திகையில் அந்த நீல விளக்கை அணைக்கச் சொன்னது அவர்தான். மொத்த அரங்கும் கேட்டது. ‘அது என்ன, படியில மின்மினியா வளக்கறீங்க? அணைங்கய்யா’ என்று கத்தினார்.

“சொல்லியிருப்பேன்” என்றார். “நான் ஆயிரம் சொல்வேன். அத எப்படிச் செய்யணும்கறது லைட்டுக்காரங்க பாடு. நான் படம் வரையறவன், தூரிகை கழுவறவன் இல்ல.”

“அந்தப் பொண்ணுக்குக் கால் உடைஞ்சிருக்கு சார்.”

“அதுக்குத்தான் நடவடிக்கை எடுத்தாச்சே.”

நடவடிக்கையாம். உன்னைத் தூக்கியதைச் சொல்கிறார். அது மட்டுமா? கடைசி ஒத்திகையில் முப்பத்தெட்டை ஓட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். முப்பத்தைந்தோடு நிறுத்திவிட்டுப் பத்திரிகைக்காரர்களுக்கு முகம் காட்டிப் படம் எடுக்க நின்றவர் யார்? அதுவரை வெளிச்சத்திலேயே இறங்கிப் பழகியவளுக்கு அந்த ஏழு படிகளை ஒரு முறை இருட்டில் இறங்கிப் பார்க்க நேரம் இல்லை, இவர் தாடையைத் தடவிக்கொண்டு நிற்க நேரம் இருக்கிறது.

நீ பல்லைக் கடித்துக்கொண்டு இத்தனை நாள் உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாயே என்று நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. அது யார் கைத்தப்பாக இருந்தாலும் உன்னுடையது இல்லை. இனி நிம்மதியாக இரு.

நோட்டு இந்தத் தபாலில் வருகிறது. இப்போது எனக்கு அது தேவைப்படவில்லை.

சில்லு


ஏப்ரல் 8

சில்லு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே மூன்று முறை படித்தேன். ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய பல்பை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

நான் அணைக்கவில்லை என்று தெரிந்ததும் முதலில் வந்தது நிம்மதி இல்லை. கோபம்தான் வந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக ராத்திரி படுத்தால் அந்தச் சத்தம்தான். அவளுடைய காலை நான் உடைத்தேன், அவளுடைய காலை நான் உடைத்தேன் என்று. உன் அண்ணன் ‘தூங்கு, தூங்கு’ என்று சொல்லிவிட்டு அவர் தூங்கிவிடுவார்.

சரி. இப்போது ஒன்றைக் கேட்கிறேன். மேதை அணைக்கச் சொன்னதை எழுதினாய், என்ன வார்த்தையில் கத்தினார் என்பதைக்கூட எழுதினாய். நான் அதைக் கேட்கவில்லை. நான் அங்கே இல்லை. பல் டாக்டரிடம் போக ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

அந்த ஒரு மணி நேரம் போர்டில் யார் உட்கார்ந்திருந்தது?

உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நீ சொல்ல வேண்டும்.


ஏப்ரல் 20

ஆமாம். நான்தான்.

இந்த ஒரு வரியை எழுத எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது.

அவர் கத்தினார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நீ வரும்வரை பொறுங்கள் என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை. நம்பரைத் தேடிக் கண்டுபிடித்து பூஜ்யத்துக்கு இறக்கினேன், நீ செய்வாயே அதே மாதிரி ‘ரெகார்ட்’ அழுத்தினேன். நீலம் போய்விட்டது. “பரவாயில்லையே, கத்துக்கிட்டியே” என்றார். அந்த அரங்கில் மூன்று வருஷமாக எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. பால்கனிக் கடைசியில் கொதிக்கும் விளக்கோடு நின்று நின்று எனக்கு முகம் இருப்பதையே பாதிப் பேர் மறந்துவிட்டார்கள்.

நீ வாய் வீங்கிப் போய்த் திரும்பி வந்தாய். ‘ஏதாவது தொட்டியா’ என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டாய். இல்லை என்றேன். தொடாதே என்று நீ சொல்லியிருந்தாய். திட்டுவாயே என்று பயந்தேன். ஒரு காட்சிக்குத்தானே என்று நினைத்தேன். அது வரிசை முழுக்கப் போகும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட அன்றும் தெரியாது. ஏப்ரல் முதல் தேதி காலையில், அந்தத் திரைக்கு முன்னால்தான் தெரிந்தது.

உன்னிடம் சொல்லிவிட்டேன். இதற்குமேல் என்ன செய்ய வேண்டும், சொல். சாவிக்கொத்திடம் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? மேதைக்கு ஒரு மயிரும் உதிராது. அந்த ஆள் கத்தியது எங்கேயும் எழுதப்படவில்லை, நான் அழுத்தியதுதான் போர்டில் எழுதியிருக்கிறது. உன் பெயரை அழித்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரை எழுதுவார்கள். பலகையும் அதேதான், வார்த்தையும் அதேதான். உன் பெயர் போனது போனதுதான். என் பெயரும் சேர்ந்து போனால் யாருக்கு லாபம்? இந்தக் குடும்பத்தில் ஒருத்தியாவது அந்த போர்டில் இருக்கட்டுமே.

இப்போது எனக்கு அது கைவந்திருக்கிறது. போன வாரம் முழு நாடகத்தையும் நோட்டைப் பார்க்காமல் ஓட்டினேன். இதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீதான். இதைக் கேட்க விரும்பாத ஒரே ஆளும் நீதான் என்று தெரியும்.

மன்னித்துவிடு.

சில்லு


ஏப்ரல் 27

சில்லு,

நீ போர்டை நன்றாகக் கற்றுக்கொண்டாய். இதை மனதறிந்து சொல்கிறேன். அந்தப் பக்கத்தைத் திறக்க எனக்கு ஆறு மாதம் ஆனது, உனக்கு ஒன்பது நாள்.

தவறாக ஒரு விளக்கை அணைத்ததற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் முதல் வருஷம் அதையே செய்திருக்கிறேன். அன்று படியில் யாரும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த போர்டில் உட்காரும் எல்லாரும் ஒரு முறையாவது அதைச் செய்வார்கள். தொட்டியா என்று கேட்டபோது இல்லை என்றாய் பார், அதுவும்கூட எனக்குப் புரிகிறது.

எனக்குப் புரியாதது ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு நீ செய்ததுதான். உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு எனக்கு ‘யாரோ அணைத்திருக்கிறார்கள்’ என்று எழுதினாய். ‘நிம்மதியாக இரு’ என்று எழுதினாய். என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு நிம்மதி அனுப்பினாய், கூடவே என் நோட்டையும்.

உன் பெயரைத்தான் எழுதுவார்கள், மேதை தப்பிவிடுவார் என்கிறாய். இருக்கலாம். அவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான். மேலே இருக்கிறவன் கத்துவான், கீழே இருக்கிறவள் அழுத்துவாள், விழுகிறவள் இன்னும் கீழே விழுவாள். இந்த வரிசை நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அது தெரிந்த நீயே அந்த வரிசையில் என்னைக் கடைசியில் நிறுத்திவிட்டு நியாயம் பேசுகிறாய். இரண்டு பேரும் சேர்ந்து போய் நின்றிருந்தால்? போர்டில் இருப்பதைத் திரையில் காட்டி, அன்று அவர் கத்தியதைக் கேட்ட பதினைந்து பேரையும் வரிசையாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால்? அதை நீ ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. உன் கணக்கில் அங்கே இருப்பது ஒரே ஒரு நாற்காலிதான்.

உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ‘ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கங்களேன்’ என்றார். இது நமக்குள் தீர்த்துக்கொள்ளும் விஷயமா? நீ எனக்கு எழுதிய கடிதம் என் பெட்டியில் கிடக்கிறது. பெட்டியைத் திறந்து எந்த அரங்கத்து வாசலில் காட்டுவேன்?

மன்னிப்பு எனக்கு வேண்டாம். சாவிக்கொத்துக்கு நீ எழுதிக் கொடுத்தாயே, அதே மாதிரி ஒரு காகிதம் எழுது. முப்பத்தொன்றாவது கியூவில் என்ன நடந்தது, யார் சொன்னது, யார் அழுத்தியது, அப்போது நான் எங்கே இருந்தேன். கீழே அதே கையெழுத்தைப் போடு, அதே சுழியோடு. அதை எனக்கு அனுப்பாதே. என் பெயர் ஒட்டியிருக்கும் பலகையில், அதன் மேலேயே ஒட்டு. நகலை மற்ற அரங்குகளுக்கு அனுப்பு. உன்னைத் தூக்கினால், நான் வந்து உன் பக்கத்தில் நிற்கிறேன். இதை எழுதித் தருகிறேன், கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

எப்போது செய்வாய் என்று எழுது.


மே 21

சில்லு,

மூன்று வாரம் பார்த்தேன். உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. தபால்காரரைக்கூடச் சந்தேகப்பட்டேன். உன் நம்பரையும் திறந்துவிட்டேன். நீ கூப்பிடவில்லை.

நேற்று வக்கீலாக நடிக்கும் பெண் போனில் பேசினாள். கட்டுப் பிரித்துவிட்டார்களாம். போன வெள்ளிக்கிழமையிலிருந்து மறுபடி நடிக்கிறாள். அவள் திட்டத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

“அக்கா, உங்க மேல எனக்கு ரொம்ப நாள் கோவம் இருந்துச்சு” என்றாள். “இப்ப பரவால்ல. போர்டுக்குப் புதுசா வந்தவங்க நல்லாப் பாத்துக்கறாங்க. படியில ஒரு நீல லைட்டு வெச்சிருக்காங்க. கால் வெக்கற எடம் அப்படியே தெரியுது. நீங்களும் அப்படி ஒண்ணு வெச்சிருக்கலாம்ல?”

நான் என்ன சொல்வேன்? அதை நான்தான் வைத்தேன் என்று சொல்லவா? சொன்னால் யார் நம்புவார்கள், பலகையில் என்ன ஒட்டியிருக்கிறதோ அதைத்தானே நம்புவார்கள். ‘பாத்து இறங்கும்மா’ என்று மட்டும் சொன்னேன்.

மேதை கத்தவில்லையா என்று கேட்டேன். கத்தினாராம். அவள் திரும்பி வந்த முதல் ஒத்திகையில், மறுபடியும் அதே மின்மினிப் பேச்சு. நீ எழுந்து நின்று, ‘இந்த விளக்கு அணையாது சார், வேணும்னா நீங்க மேல வந்து உட்காருங்க’ என்று சொன்னாயாம். அவள் சொல்லச் சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது. அப்படி இருந்ததற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது.

ஆக, உனக்கு அவரை எதிர்த்துப் பேசத் தெரிகிறது. எழுந்து நிற்கத் தெரிகிறது. பயம்தான் உன்னைத் தடுக்கிறது என்று இனி நினைக்க மாட்டேன்.

பலகையைப் பற்றியும் அவளிடம் கேட்டேன். தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறாளாம். ‘அந்தப் பேப்பர் மஞ்சளாயிடுச்சு அக்கா, இன்னும் அங்கயேதான் இருக்கு’ என்றாள்.

முப்பத்தொன்றில் திருத்தினாய். ‘கியூ ஒன்லி’யையும் சேர்த்துத்தான் அழுத்தியிருப்பாய். முப்பத்தெட்டில் பன்னிரண்டு சதவீதம் எரிகிறது. விளக்கைச் சரிசெய்துவிட்டாய், சில்லு.

அந்தக் காகிதத்தை எப்போது ஒட்டப் போகிறாய்?